அனெக்சின்-5 கிட்: மூளைக் கட்டிச் செல்களுக்கு எவ்வளவு நம்பலாம்?

மருந்து கொடுத்தால் மூளைக் கட்டிச் செல்கள் சாகின்றனவா, சாகின்றன என்றால் எந்த வழியில் சாகின்றன என்பதைச் சோதிக்கும் ஆய்வகம் எதுவாக இருந்தாலும், அதன் குளிர்பெட்டியில் ஓர் அனெக்சின்-5 கிட் இருக்கும். பெங்களூரில் நான் பணியாற்றும் ஆய்வகத்தில் பெரும்பாலான வேலை கிளையோபிளாஸ்டோமா என்னும் கொடிய மூளைக் கட்டியின் செல்களைச் சுற்றியே நடப்பதால், இந்தக் கிட்டைத் தொடர்ந்து வாங்கிப் பயன்படுத்தி வருகிறோம். எஃப்.ஐ.டி.சி. என்னும் பச்சைச் சாயம் இணைத்த அனெக்சினும், புரோபிடியம் அயோடைடும், பத்து மடங்கு செறிவுள்ள பஃபரும் அடங்கிய, வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் 100 சோதனைப் பொதியைப் பற்றியது இந்த மதிப்புரை. நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. எந்த நிறுவனத்தின் பெட்டியைத் திறந்தாலும் உள்ளே ஏறத்தாழ இவையே இருக்கும். நான் சொல்லப்போகும் குறையும் ஒரே நிறுவனத்துக்கு உரியதன்று.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொருள் நன்று. பெட்டிக்குள் நான்காக மடித்து வைத்திருக்கும் செய்முறைத் தாள்தான் நமக்காக எழுதப்பட்டதன்று. அந்தத் தாளைச் சொல்லுக்குச் சொல் பின்பற்றும் ஒரு மாணவர், சாகாத செல்லைச் செத்ததாகவும், நான்கு நாள் கழித்துச் சாகப்போகும் செல்லை மருந்துக்கு அசையாததாகவும் எழுதிவிடும் வாய்ப்பு மிக அதிகம்.

பெட்டி வந்து சேர்வதிலிருந்து தொடங்குகிறேன். கிட் 2 முதல் 8 பாகை செல்சியஸில் இருக்க வேண்டும்; உறையவும் கூடாது. தேவனஹள்ளி விமான நிலையத்தில் இறங்கி, விநியோகஸ்தரின் கிடங்கில் தங்கி, எங்கள் வாசலுக்கு வருவதற்குள் ஏப்ரல் மாத வெயில் அதன் மேல் ஒரு சுற்று விழுந்துவிடுகிறது. விநியோகஸ்தரின் ஆள் ஓசூர்க்காரர், தமிழர். "ஜெல் பேக் இன்னும் சில்லுன்னுதான் இருக்கு மேடம், தொட்டுப் பாருங்க" என்று பெட்டியை நீட்டுவார். தொட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போடும் வழக்கத்தை நாங்கள் விட்டுவிட்டோம். பெட்டிக்குள் வெப்பநிலையைப் பதிவு செய்யும் சிறு கருவி ஒன்றை வைத்து அனுப்ப வேண்டும் என்று கொள்முதல் ஆணையிலேயே எழுதிவிடுகிறோம். கூடுதல் கட்டணம் கேட்பதில்லை. குப்பிகளின் மீது தயாரிப்புத் தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் தெளிவாக உள்ளன. அனெக்சின் குப்பி ஒளி புகாத பழுப்பு நிறத்தில் இருக்கிறது. புரோபிடியம் அயோடைடு டி.என்.ஏ.வில் ஒட்டும் பொருள் என்பதால் கையுறை அணியச் சொல்லும் எச்சரிக்கையும் லேபிளிலேயே உண்டு. பொதி கட்டும் விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இது வேலை செய்யும் விதம் எளிது. உயிருள்ள செல், தன் சவ்வின் உட்புற அடுக்கில் பாஸ்ஃபாடிடைல்செரின் என்னும் கொழுப்பை வைத்திருக்கிறது. திட்டமிட்ட இறப்பை, அதாவது அப்போப்டோசிஸை, செல் தொடங்கியதும் அந்தக் கொழுப்பு வெளி அடுக்குக்குப் புரண்டு வந்துவிடும். அனெக்சின்-5 என்னும் புரதம், கால்சியம் இருக்கும்போது அந்தக் கொழுப்பை இறுகப் பற்றும். புரோபிடியம் அயோடைடோ, சவ்வு கிழிந்த செல்லுக்குள் மட்டுமே நுழைந்து சிவப்பாக ஒளிரும். ஆக, பச்சை மட்டும் ஒளிர்ந்தால் இறப்பின் தொடக்கம். பச்சையும் சிவப்பும் சேர்ந்து ஒளிர்ந்தால் இறப்பின் முடிவு. இரண்டும் இல்லையென்றால் உயிருள்ள செல். கெர், வில்லி, கரி ஆகிய மூவரும் 1972இல் அப்போப்டோசிஸை வரையறுத்தபோது நுண்ணோக்கியில் தெரிந்த செல்லின் வடிவத்தையே அளவுகோலாகக் கொண்டார்கள். செல்களை ஒவ்வொன்றாக ஒளிக்கற்றை வழியே ஓடவிட்டு எண்ணும் ஃப்ளோ சைட்டோமீட்டர் கருவியில் சில நிமிடங்களில் பத்தாயிரம் செல்களை எண்ணிவிடும் இந்த இரு சாய முறை 1990களின் நடுப்பகுதியில் வந்தது. அப்போது அதைச் சோதித்துப் பார்த்தது பெரும்பாலும் இரத்த வெள்ளை அணுக்களின் மீதுதான். சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது.

வெள்ளை அணுக்கள் தனித்தனியாக மிதப்பவை. எடுத்துக் கழுவிச் சாயம் போட்டால் முடிந்தது. ஆய்வகங்களில் வளர்க்கப்படும் யூ-87 போன்ற கிளையோமா (ஒரு வகை மூளைக் கட்டி) செல்கள் பிளேட்டின் அடியில் கால் பரப்பி ஒட்டிக்கொள்பவை. நெருக்கம் கூடினால் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கட்டிகட்டியாகத் திரண்டுவிடும். அவற்றைப் பிரித்தெடுக்க எல்லோரும் கையில் எடுப்பது டிரிப்சின்-இ.டி.டி.ஏ. கலவை. டிரிப்சின் செல்லின் மேற்புறப் புரதங்களை அரிக்கும். சற்றுக் கூடுதல் நேரம் விட்டால் சவ்வையே பதம் பார்த்துவிடும். இ.டி.டி.ஏ.வின் வேலையே கால்சியத்தைக் கவ்விக்கொள்வது. அனெக்சின் ஒட்டுவதற்கோ கால்சியம் வேண்டும். அதற்காகவே கிட்டின் பஃபரில், நீர்த்த பின் 2.5 மில்லிமோலார் அளவில் கால்சியம் குளோரைடு இருக்கிறது. கழுவாமல் மிஞ்சிய இ.டி.டி.ஏ. அந்தக் கால்சியத்தைத் தின்றுவிட்டால், செத்துக்கொண்டிருக்கும் செல்லும் பச்சையாக ஒளிராது. இவ்வளவு அடிப்படையான முரண்பாட்டைப் பற்றி அந்தத் தாளில் இருப்பது ஒரே வரி: "ஒட்டி வளரும் செல்களை மென்மையாகப் பிரித்தெடுக்கவும்." எப்படி மென்மையாக, எதைக் கொண்டு, எத்தனை முறை கழுவி என்பதெல்லாம் வாங்கியவர் பாடு.

வேலூரிலிருந்து வந்து எங்களிடம் ஆறு மாதப் பயிற்சியில் இருந்த மாணவி ஒருவர், மருந்தே கொடுக்காத யூ-87 செல்களின் வரைபடத்தைக் கொண்டுவந்து காட்டினார். "அக்கா, மேல் இடது மூலையில ஏன் இவ்வளவு புள்ளி? இதெல்லாம் நெக்ரோசிஸ்னு எழுதிடலாமா?" என்று கேட்டார். மேல் இடது கட்டம் என்பது சிவப்பு மட்டும் ஒளிரும் செல்களுக்கானது. தாளில் அச்சிட்டிருக்கும் மாதிரிப் படத்தில் அதற்கு நேராக 'நெக்ரோசிஸ்', அதாவது திட்டமிடாமல் சிதைந்து சாகும் இறப்பு, என்றே போட்டிருக்கிறது. உண்மையில் ஒட்டி வளரும் செல்களில் அந்தக் கட்டத்தில் விழுபவை பெரும்பாலும் பிரித்தெடுக்கும்போது கிழிந்தவையும், சவ்வு உரிந்த வெறும் உட்கருக்களும்தான். மருந்து கொடுக்காத செல்லிலேயே அங்கு கூட்டம் சேர்ந்தால், அது நம் பிப்பெட்டைப் பற்றிய செய்தி, கட்டியைப் பற்றியதன்று. அவரிடம் டிரிப்சினுக்குப் பதிலாக அக்குடேஸ் என்னும் மென்மையான நொதிக் கலவையைக் கொடுத்து, அகன்ற முனையுள்ள டிப்பால் மெதுவாகக் கலைத்து, குளிர்ந்த உப்புக் கரைசலில் இரண்டு முறை கழுவச் செய்தோம். அந்த மூலை ஏறக்குறைய காலியாகிவிட்டது. நிறுவனம் இதைத் தாளில் நான்கு வரியாகச் சேர்த்திருந்தால் எத்தனையோ ஆய்வேடுகளில் இல்லாத நெக்ரோசிஸ் இடம்பெற்றிருக்காது.

மீடியத்தை, அதாவது செல்கள் வளரும் திரவத்தை, கொட்டிவிடும் பழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். செத்த கிளையோமா செல் பிடியை விட்டு மிதந்துவிடும். மேலிருக்கும் மீடியத்தை உறிஞ்சிக் குப்பையில் ஊற்றிவிட்டு, ஒட்டியிருக்கும் செல்களை மட்டும் சேகரித்தால், தேடிய பொருளையே கொட்டிவிட்டுத் தேடுவதாகத்தான் ஆகும். மீடியம், கழுவிய நீர், பிரித்தெடுத்த செல்கள் ஆகிய மூன்றையும் ஒரே குழாயில் சேர்த்துத்தான் சென்ட்ரிஃபியூஜில் போட வேண்டும்.

இனி நேரத்துக்கு வருகிறேன். மருந்து கொடுத்து 24 மணி நேரத்துக்குள் சோதிக்கும்படி தாள் பரிந்துரைக்கிறது. உடன் காட்டியிருக்கும் மாதிரி, இரத்தப் புற்றுச் செல்லுக்குக் கடுமையான நச்சு ஒன்றைச் சில மணி நேரம் கொடுத்தது. கிளையோபிளாஸ்டோமாவுக்கு மருத்துவமனையில் கொடுக்கப்படும் முதன்மை மருந்து டெமோசோலோமைடு. கதிர்வீச்சுச் சிகிச்சையோடு அதைச் சேர்த்துக் கொடுத்தபோது நோயாளிகள் உயிர்வாழ்ந்த காலத்தின் நடு அளவு 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதமாக நீண்டது என்று 2005இல் வெளியான ஆய்வுதான் இன்றளவும் சிகிச்சைக்கு அடிப்படை. நம் ஊர் ஆய்வகங்களில் யாரைக் கேட்டாலும் புதிய மூலிகைச் சாறு முதல் நானோ துகள் வரை எதையும் இந்த மருந்தோடுதான் ஒப்பிடுவார்கள். அந்த மருந்து கொல்லும் விதமோ 24 மணி நேரக் கணக்குக்குள் அடங்காதது.

டெமோசோலோமைடு உடலின் இயல்பான அமில-கார நிலையில் தானே உடைந்துவிடும். அதன் அரை ஆயுள் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. உடைந்து பிறக்கும் பொருள், டி.என்.ஏ.வில் குவானின் காரத்தின் ஆறாம் ஆக்சிஜனில் ஒரு மெத்தில் குழுவை ஒட்டவைக்கிறது. எம்.ஜி.எம்.டி. என்னும் சீரமைப்புப் புரதம் செல்லில் இருந்தால் அதைப் பிடுங்கி எறிந்துவிடும்; மருந்து பலிக்காது. அந்தப் புரதம் இல்லாத செல்லிலும் அந்த மெத்தில் குழு உடனடியாக ஆளைக் கொல்வதில்லை. செல் தன் டி.என்.ஏ.வை நகலெடுக்கும்போது குவானினுக்கு எதிரே தவறான இணை அமர்கிறது. பொருந்தா இணையைத் திருத்தும் அமைப்பு அதை வெட்டித் திருத்தப் பார்க்கிறது. மூல இழையில் உள்ள பழுது அப்படியே இருப்பதால் மறுபடியும் தவறான இணையே அமர்கிறது. இந்த வீண் வேலை தொடர்ந்து, அடுத்த நகலெடுப்பின்போதுதான் டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளும் அறுகின்றன. செல் இரண்டாம் சுழற்சிக்குள் நுழைந்தால்தான் சாவே தொடங்கும். மெதுவாகப் பெருகும் கிளையோமா செல்லுக்கு அது மூன்றாம் நாளோ நான்காம் நாளோதான். 24 மணி நேரத்தில் சாயம் போட்டால், மருந்து கொடுத்ததற்கும் கொடுக்காததற்கும் வேறுபாடு தெரியாத இரண்டு படங்கள் கிடைக்கும். ஐந்தாம், ஆறாம் நாளில் போட்டால் படம் வேறு.

என்றாலும் யூ-87இல் ஐந்தாம் நாளிலும் செல்களில் பெரும்பகுதி கீழ் இடது கட்டத்தில், அதாவது உயிருள்ளவற்றின் கட்டத்தில், அசையாமல் நிற்கும். அதே நாளில் எம்.டி.டி. சோதனை செய்தால் ஊதா நிறம் பாதியாகக் குறைந்திருக்கும். இரண்டில் எது பொய் என்று கேட்கும் மாணவர்கள் உண்டு, இரண்டுமே மெய். எம்.டி.டி. என்பது 1983இல் அறிமுகமான சோதனை. செல்லின் வளர்சிதை நொதிகள் மஞ்சள் உப்பை ஊதாவாக மாற்றும் அளவை அது காட்டுகிறது. செல்கள் செத்தாலும் நிறம் குறையும். சாகாமல் பெருகுவதை நிறுத்தினாலும் மருந்தில்லாத குழுவோடு ஒப்பிடும்போது நிறம் குறைவாகவே தெரியும். யூ-87இல் பி-53 என்னும் காவல் புரதம் பழுதின்றி இருக்கிறது. டி.என்.ஏ. அறுந்ததும் அது செல் சுழற்சியைப் பிடித்து நிறுத்த, பல செல்கள் சாகாமல், பெருகாமல், உப்பித் தட்டையாகி முதுமை நிலைக்குப் போய்விடுகின்றன. பி-53 பழுதுபட்ட யூ-251இல் இந்தப் பிடி இல்லை. அவை அறுந்த டி.என்.ஏ.வோடு பிரியப் பார்த்துப் பிரிவின் நடுவே சீர்குலைகின்றன. டி-98ஜி செல்களில் எம்.ஜி.எம்.டி. மிகுதியாக இருப்பதால் வழக்கமான அளவு மருந்துக்கு அவை அசைவதே இல்லை. வளர்ச்சி நிற்பதும் சாவதும் இரு வேறு நிகழ்வுகள் என்பதை இந்தக் கிட் தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது. நான் இதற்குக் கொடுக்கும் விலையில் பெரும்பகுதி இந்த ஒன்றுக்காகத்தான். எம்.டி.டி. எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு "மருந்து பாதிச் செல்களைக் கொன்றது" என்று எழுதும் கட்டுரைகள் இன்றும் வந்துகொண்டிருக்கின்றன. அந்த வாக்கியத்தை எழுதுமுன் இந்தக் கிட்டை ஒருமுறை பயன்படுத்திவிட வேண்டும் என்பது என் கருத்து.

செல்லின் பெயரைச் சொன்னதால் ஓர் இடைக்குறிப்பு. யூ-87 என்று உலகெங்கும் விற்கப்படும் செல், 1960களில் ஸ்வீடனின் உப்சாலாவில் எந்த நோயாளியின் கட்டியிலிருந்து எடுக்கப்பட்டதாகச் சொல்லப்பட்டதோ, அந்தக் கட்டிக்கு உரியதன்று என்று 2016இல் அதே ஊர் ஆய்வாளர்களே மரபணுச் சோதனை செய்து காட்டினார்கள். அது மூளைக் கட்டிச் செல்தான் என்றாலும், யாருடையது என்று தெரியாது. யூ-373 என்ற பெயரில் நெடுநாள் சுற்றிய செல் உண்மையில் யூ-251 என்று தெரியவந்ததும் பழைய கதைதான். பக்கத்து ஆய்வகத்திலிருந்து குடுவையில் வாங்கிவந்த செல்லுக்கு இந்தக் கிட்டைச் செலவழிப்பதற்கு முன், புனேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையம் போன்ற முறையான இடத்திலிருந்து செல்லைப் பெற்று அடையாளச் சோதனையும் செய்துகொள்வது நல்லது.

கிட்டில் நான் காணும் மற்றொரு பெரிய குறை, நேர்மறைக் கட்டுப்பாடு எதுவும் உடன் வராதது. சாயம் வேலை செய்கிறது என்பதை உறுதிசெய்ய, கட்டாயம் அப்போப்டோசிஸுக்குள் தள்ளப்பட்ட செல்கள் ஒரு குழாயில் வேண்டும். ஸ்டாரோஸ்போரின் என்னும் நச்சைச் சிறிதளவு கொடுத்த செல்கள் அதற்குப் போதும். ஆனால் அதைத் தனியாக வாங்க வேண்டும், விலையும் குறைவில்லை. சாயமில்லாத குழாய், பச்சை மட்டும் உள்ள குழாய், சிவப்பு மட்டும் உள்ள குழாய் ஆகியவையும் ஒவ்வொரு முறையும் தேவை. பச்சையின் ஒளி சிவப்பின் பகுதிக்குள் கசிவதைச் சரிசெய்ய அவை இன்றி முடியாது. ஆகவே 100 சோதனை என்று பெட்டியில் எழுதியிருப்பதில் கட்டுப்பாடுகள் போக உண்மையான மாதிரிகளுக்கு மிஞ்சுவது எவ்வளவு என்பதைக் கொள்முதலுக்கு முன்பே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

புரோபிடியம் அயோடைடு ஆர்.என்.ஏ.விலும் ஒட்டும் என்பதை அந்தத் தாள் சொல்வதில்லை. பெரிய உடலும் மிகுந்த சைட்டோபிளாசமும் கொண்ட கிளையோமா செல்களில் இதனால் பொய்யான சிவப்பு எழக்கூடும். அனெக்சின் பச்சையை மட்டும் நம்பி "அப்போப்டோசிஸ்" என்று தீர்ப்பெழுதவும் கூடாது. நெக்ரோப்டோசிஸ் என்னும் வேறு வகை இறப்பிலும் அந்தக் கொழுப்பு வெளியே வருவது தெரிந்ததே. அப்போப்டோசிஸின்போது செயல்படும் நொதியான காஸ்பேஸ்-3இன் வெட்டுண்ட வடிவத்தையோ, 116 கிலோடால்டனிலிருந்து 89க்கு உடையும் பார்ப் புரதத்தையோ, புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் காட்டினால்தான் முடிவு நிற்கும். இதைக் கிட்டின் குறையாக நான் எண்ணவில்லை. ஒரே சோதனையில் எல்லாம் முடிந்துவிடும் என்பதுபோல விளம்பரத் தாளில் எழுதுவதுதான் எரிச்சலூட்டுகிறது.

பெங்களூருக்கே உரிய ஒரு தடையும் உண்டு. சாயம் போட்டபின் ஒரு மணி நேரத்துக்குள் செல்களைக் கருவியில் ஓட்டிவிட வேண்டும். அதற்கு மேல் காத்திருந்தால் உயிருள்ள செல்களும் சாகத் தொடங்கிவிடும். சொந்த ஃப்ளோ சைட்டோமீட்டர் இல்லாத சிறு கல்லூரி ஆய்வகங்கள், பெல்லாரி சாலையிலோ யஷ்வந்த்பூர்ப் பக்கமோ உள்ள பெரிய நிறுவனங்களின் பொதுக் கருவியில் மணிக்கணக்கில் நேரம் வாங்கித்தான் ஓட்டுகின்றன. ஹெப்பாள் மேம்பாலத்தின் மாலை நெரிசலை அறிந்தவர்களுக்கு அந்த ஒரு மணி நேரம் எங்கே கரையும் என்று சொல்ல வேண்டியதில்லை. சாயம் போட்ட குழாய்களைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ ஏறுவதைவிட, செல்களைப் பிளேட்டில் ஒட்டியபடியே மூடிக் கொண்டுபோய், கருவி இருக்கும் இடத்தில் பிரித்தெடுத்துச் சாயம் போடுவதே சரி. அதற்கு அங்கே ஒரு சிறு சென்ட்ரிஃபியூஜையும், தூய காற்று வீசும் வேலைப்பெட்டியான ஹுட்டையும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். காலை முதல் நேரத்தைப் பதிவு செய்தால் இரண்டும் காலியாக இருக்கும்.

உள்நாட்டுத் தயாரிப்பு ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். விலை ஏறத்தாழ பாதி. ஒரே நாளில், ஒரே செல்லில், பச்சை ஒளியின் அளவு சற்று மங்கலாக இருந்தாலும் உயிருள்ளவையும் சாகின்றவையும் தெளிவாகப் பிரிந்தன. தொகுதிக்குத் தொகுதி ஒளியின் அளவு மாறுவதுதான் அதன் குறை. ஆண்டுக்கணக்கில் தொடரும் ஆய்வுக்கு அது தொல்லை. ஒரு பருவத்துக்குள் முடியும் முதுநிலை மாணவர் திட்டத்துக்குத் தாராளமாகப் போதும்.

நிறத்தைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். பச்சை ஒளிர்புரதம் புகுத்திய செல்களுக்கு இந்த எஃப்.ஐ.டி.சி. வகை முற்றிலும் பயனற்றது; அதே நிறுவனத்தின், ஏ.பி.சி. என்னும் சிவப்புச் சாயம் இணைத்த வகையை வாங்க வேண்டும். டாக்சோரூபிசின் தானே சிவப்பாக ஒளிரும் மருந்து என்பதால், அதைச் சோதிப்பவர்கள் புரோபிடியம் அயோடைடை விட்டுவிட்டு நீலத்தில் ஒளிரும் சாயம் ஒன்றுக்கு மாறுவது நல்லது. விற்பனைப் பிரதிநிதி இதையெல்லாம் கேட்டுவிட்டு விற்பதில்லை; கேட்பது வாங்குபவர் பொறுப்பாகவே இருக்கிறது. தொழில்நுட்ப உதவிக்கான மின்னஞ்சலுக்கு மறுநாளே பதில் வந்தது. ஒட்டி வளரும் செல்களுக்கான தனிச் செய்முறையைக் கேட்டபோது நான்கு பக்க ஆவணம் ஒன்றையும் அனுப்பினார்கள். அக்குடேஸ், இரண்டு முறை கழுவுதல், மிதக்கும் செல்களைச் சேர்த்தல் என நாங்கள் செய்வதெல்லாம் அதில் இருந்தது. அதை ஏன் பெட்டிக்குள் வைப்பதில்லை என்ற கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. வாங்குபவர்கள் முதல் ஆணையோடு சேர்த்தே அந்த ஆவணத்தைக் கேட்டுப் பெறலாம். திறந்த குப்பியின் ஒளி மாதங்கள் செல்லச் செல்ல மங்குவதால், வாரம் ஒரு சோதனை செய்யும் சிறு ஆய்வகத்துக்கு 100க்குப் பதிலாக 25 சோதனைப் பொதியே சிக்கனம். ஒரு சோதனைக்கான விலை சற்றுக் கூடினாலும் மிச்சத்தைக் காலாவதியாக்கிக் கொட்ட வேண்டியிராது.